கடல் பார்த்த மனை: கோடம்பாக்கம் காட்டிய குப்பமும் கரையின் உடைமைப் பிரச்சினையும்

1

கோடம்பாக்கத்தில் கடல் கிடையாது. மெரினாவுக்குப் போக ஆறேழு கிலோமீட்டர் பஸ் ஏற வேண்டும். ஆனாலும் உள்நாட்டுத் தமிழர்களில் பெரும்பாலோர் கடலையும், கடலோரத்தில் மனுசங்க வாழ்கிற குடியிருப்பையும் முதன்முதலில் பார்த்தது கோடம்பாக்கத்தின் வழியாகத்தான். தருமபுரியிலோ தேனியிலோ டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவருக்குக் கடல் ஒரு பாட்டுக்கான இடம். அலை, படகு, வலையைத் தோளில் போட்ட கதாநாயகன், கூடையோடு கதாநாயகி. வலை எப்படிப் பின்னப்படுகிறது, அதற்கு யார் கடன் கொடுத்தார், படகு ஏறி நிற்கும் அந்த மணல் யாருடையது என்ற கேள்விகளுக்கு அந்தச் சட்டகத்தில் இடமில்லை.

இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. கடற்கரை ஒரு 'காட்சி'யாகக் கட்டமைக்கப்பட்டதற்கும் அது ஒரு 'மனை'யாக விலைபோவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மீனவருக்குக் கரை வேலை செய்கிற இடம்: படகு ஏற்ற, வலை காயப்போட, கிழிஞ்சதைத் தைக்க, மீன் ஏலம் விட, கருவாடு போட. இந்த வேலைகளை எல்லாம் சட்டகத்திலிருந்து அகற்றிய பிறகு மிஞ்சுவது வெறும் மணலும் தொடுவானமும். வெறும் மணலுக்குத்தான் விலை போட முடியும். அப்படி விலை போட்டபின் அங்கே வலை காயப்போடுகிற ஆள் காட்சியைக் கெடுப்பவராகவும், பிறகு ஆக்கிரமிப்பாளராகவும் ஆகிறார். சினிமா மட்டுமே இதைச் செய்தது என்று சொல்ல வரவில்லை. வருவாய்த்துறைப் பதிவேடும் சுற்றுலாத்துறைச் சுவரொட்டியும் நகர அழகுபடுத்தும் திட்டமும் தனித்தனியாகச் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு ஒரு பொதுக் கண்ணைத் தயாரித்துக் கொடுத்தது கோடம்பாக்கம்.

2

1964-ல் வந்த 'படகோட்டி'யை எடுத்துக்கொள்வோம். டி. பிரகாஷ் ராவ் இயக்கம், எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி. பகை கொண்ட இரண்டு மீனவக் குப்பங்கள், அந்தப் பகையில் லாபம் பார்க்கிற நம்பியார், இரண்டையும் ஒன்றுசேர்க்கிற நாயகன். மீனவரின் உழைப்பை இடையில் நின்று உறிஞ்சுகிற ஒருவன் இருக்கிறான் என்பதைப் படம் சொல்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சுரண்டல் அங்கே ஒரு தனி மனிதனின் கெட்ட குணமாகச் சுருங்குகிறது. நம்பியார் தோற்றால் பிரச்சினை தீர்ந்தது. கரை யாருக்குச் சொந்தம், சர்க்கார் நாளைக்கு வந்து காலி பண்ணச் சொன்னால் குப்பம் என்ன ஆகும் என்பது கதைக்குள் வரவே முடியாத கேள்வி. ஏனென்றால் அந்தக் கதையாடலில் அரசு என்பது கிடையாது. அரசு இருக்க வேண்டிய இடத்தில் நாயகன் இருக்கிறார்.

13 வருஷம் கழித்து, 1977-ல், ஸ்ரீதர் இயக்கத்தில் 'மீனவ நண்பன்'. படம் வெளிவந்தபோது நாயகன் நிஜமாகவே அரசாகிவிட்டார். ஜூனில் முதலமைச்சர் பதவி, ஆகஸ்டில் படம். திரைக்கும் கோட்டைக்கும் நடுவே இருந்த கோடு அழிந்துபோன தருணம் என்று இதைச் சொல்லலாம். எம்.ஜி.ஆர். பிம்பம் அடித்தள மக்களின் சம்மதத்தை எப்படிப் பெற்றது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-ல் வந்த தன் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்த ஆய்வோடு சேர்த்து வாசிக்க வேண்டிய ஒரு கடற்கரை அத்தியாயம் உண்டு. 1985-இன் இறுதியில், அதே முதல்வரின் ஆட்சியில், மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கரையிலிருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றச் சொன்னார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, மீனவர்கள் செத்தார்கள்.

'மீனவ நண்பன் துரோகம் பண்ணிட்டார்' என்று இதை வாசிப்பது சுலபம். மேடையில் கைதட்டும் வாங்கலாம். ஆனால் அந்த வாசிப்பு மறுபடியும் தனி மனிதனிடமே போய் நிற்கிறது. படகோட்டியின் கதைச் சூத்திரத்தையே தலைகீழாகத் திருப்பிப் போடுகிறது, அவ்வளவுதான். நான் பார்ப்பது வேறு. திரையில் குப்பத்தை நேசித்த கண்ணும், மெரினாவிலிருந்து கட்டுமரத்தை அகற்றச் சொன்ன கண்ணும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. இரண்டுக்கும் கரை ஒரு காட்சி. பாட்டுக்குக் கட்டுமரம் தேவைப்பட்டது. உலாவப் போகிற நகரத்தானுக்கு அது தேவைப்படவில்லை. 'அழகு' என்ற சொல்லை இரண்டு இடத்திலும் ஒரே அர்த்தத்தில்தான் பயன்படுத்தினார்கள்.

அப்படியானால் அந்த அழகு யாருடைய கண்ணுக்கு? நொச்சிக்குப்பத்துப் பொம்பளைக்குக் கட்டுமரம் இல்லாத கரை அழகாகத் தெரியாது. ஊரே செத்துக் கிடக்கிற மாதிரி தெரியும்.

3

மெரினாவில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுவருஷம், 1986-ல், பாரதிராஜாவின் 'கடலோரக் கவிதைகள்' வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் எடுத்த படம். 1981-இன் 'அலைகள் ஓய்வதில்லை'க்கும் முட்டம்தான் களம். ஸ்டூடியோ தளத்தை விட்டு வெளியே வந்து நிஜமான ஊரில், நிஜமான பாறையில், நிஜமான அலையில் படம் எடுத்தது பெரிய மாற்றம் என்று அன்றைய விமர்சகர்கள் கொண்டாடினார்கள். மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஸ்டூடியோவில் அட்டையில் செய்த குப்பத்துக்காவது ஒரு மீனவக் கதை தேவைப்பட்டது. நிஜ முட்டத்துக்குப் போன காமிராவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. கரை முழுக்கக் காதலுக்கான பின்புலமாகிறது. பாறையும் சூரிய அஸ்தமனமும் கதாபாத்திரங்களின் மனநிலைக்கு உருவகங்கள். வள்ளம் தள்ளுகிற ஆட்கள் சட்டகத்தின் ஓரத்தில் வந்து போகிறார்கள்.

விளைவு என்ன? முட்டத்துக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் 'இந்தப் பாறையிலதான் அந்தப் படம் எடுத்தாங்க' என்று இன்றைக்கும் காட்டுகிறார்கள். ஒரு மீன்பிடி ஊர் தன் பெயரைவிட ஒரு படத்தின் பெயரால் வெளியூர்க்காரர்களுக்கு அடையாளமாகிறது. தமிழ்நாட்டில் ஒரு கடலோரக் குடியிருப்பின் 'சுற்றுலா வாய்ப்பு' உருவாகிற முதல் படி பெரும்பாலும் இப்படித்தான்: ஊர் ஒரு படப்பிடிப்புத் தளமாகப் பெயர்பெற வேண்டும். ரோடும் ஓட்டலும் பிறகு வரும்.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் வரிசை கொஞ்சம் வேறு. அங்கே ஓட்டல் முன்னமே வந்துவிட்டது. 1752-ல் கிளைவின் படை பிடித்து இடித்த பழைய கோட்டையின் மிச்சம் கிடந்த கடலோரத்தில், 1974-ல் தாஜ் குழுமம் ஒரு உல்லாச விடுதி திறந்தது. அதன் பெயர் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்'. தமிழில் 'மீனவனின் குடா' என்று ஆகும். பக்கத்திலேயே மீனவக் குப்பம் இருக்கிறது. விடுதிப் பெயரில் மீனவன் இருக்கிறான். விடுதிக்குள்ளே ராத்திரி தங்க அவனால் ஆகாது. 'மீனவ நண்பன்' என்ற தலைப்பும் 'மீனவனின் குடா' என்ற பெயர்ப்பலகையும் ஒரே பத்தாண்டில் வந்தவை. இரண்டும் மீனவன் பெயரை எடுத்துக்கொண்டன. இடம் அவனுடையதா என்று இரண்டும் கேட்கவில்லை.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. 90-களின் கடைசியில் அது அகலமாகி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கச் சாலையாகவும் ஆனபோது, நீலாங்கரை, பனையூர், கானாத்தூர் என்று சவுக்குத் தோப்பாக இருந்த மணல்காடெல்லாம் மனைகளாகின. கோடம்பாக்கத்துப் பணத்தில் ஒரு பகுதி அங்கே பங்களாக்களாக முளைத்தது. அந்தப் பங்களாக்கள் மறுபடியும் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போயின. பணக்காரக் கதாநாயகியின் வீடு என்றால் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்பது ஒரு காலத்தில் எழுதாத விதி. இங்கே வட்டம் முழுசாகிறது: காட்சி மனையாகி, மனை மறுபடி காட்சியாகிறது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. செயற்கைக் கடலையும் அட்டைக் குப்பத்தையும் செய்யக்கூடிய பெரிய தளங்களைக் கொண்டிருந்த வடபழனியின் விஜயா வாஹினி ஸ்டூடியோ நிலமும் மிஞ்சவில்லை. அங்கே இப்போது ஆஸ்பத்திரி, ஓட்டல், 2013-லிருந்து ஒரு பெரிய மால். படம் தயாரித்த நிலத்தையே ரியல் எஸ்டேட் விழுங்கியபோது, படத்தில் வந்த கரையை விட்டுவைக்குமா?

சுற்றுலா என்றாலே மீனவருக்குக் கெடுதி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. கோவளத்திலேயே மூர்த்தி மேகவன் போன்ற மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்று, கற்பித்து, அதை ஒரு தொழிலாக்கினார்கள். 2013-லிருந்து அங்கே அலைச்சறுக்கு விழா நடந்தது. குப்பத்துப் பையன்கள் போட்டிகளில் ஜெயித்தார்கள். இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடக் கூடாது. ஏன் இது வேறாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அலையைப் படிக்கிற அறிவு அந்தப் பையன்களுடையது. கடலில் இறங்குகிறவர் அவர்களிடம் கேட்டுத்தான் இறங்க வேண்டும். பங்களாவின் மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே கோவளக் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. சுத்தம், பாதுகாப்பு, கழிப்பறை, குளியல் பகுதி என்று அளவுகோல்கள். ஒரு கரையின் மதிப்பை அங்கே படகு ஏற்றுகிறவரின் கணக்கில் அளப்பதற்கு அப்படி ஒரு கொடி இதுவரை கிடையாது.

4

சொத்து என்ற பிரச்சினைக்கு வருவோம். தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. நாம் அதை வசவாக ஆக்கிவிட்டோம். புறம்போக்கு. வருவாய்க் கணக்கில் தீர்வைக்கு உட்படாத நிலம்: மந்தை, ஏரிக்கரை, சுடுகாடு, உப்பங்கழி, கடலோரம். யாரோ ஒருவர் தனியாக வரி கட்டாத, எல்லோரும் பயன்படுத்துகிற நிலம். வெள்ளைக்காரன் வரிக்கணக்கு எழுதியபோது, வருமானம் தராத இந்த இடங்கள் கணக்குக்குப் 'புறம்' ஆகின. வருமானம் தராதது மதிப்பில்லாதது. மதிப்பில்லாததில் இருப்பவர் மதிப்பில்லாதவர். இன்றைக்கு ஒருத்தரைப் 'போடா புறம்போக்கு' என்று திட்டுவது, வரிக்கணக்குப் பதிவேட்டை நாக்கில் ஏற்றிக்கொண்டு பேசுவது. 2017-ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழியில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் இந்த வசவைத் திருப்பிப் பிடித்துப் பெருமைப் பெயராக்க முயன்றது. ஒரு சொல்லை மீட்பதும் அரசியல்தான்.

கடலோர ஊர்களில் பொதுவாக நடப்பது இது: வீடு இருக்கிற இடம் நத்தம், பட்டா இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். வேலை நடக்கிற மணல் புறம்போக்கு. பின்னாலிருக்கும் தோப்பும் தரிசும் உள்நாட்டு நிலவுடைமைச் சாதியாரின் பட்டா. ஆக, நிலத்தின் விலை ஏறும்போது விற்றவர்கள் பெரும்பாலும் மீனவர்கள் அல்லர். அவர்களிடம் விற்பதற்கு என்று எதுவும் கிடையாது. விலை ஏற்றத்தின் லாபம் வேறு ஒருவருக்கு, அதன் நெருக்கடி இவர்களுக்கு. வேலி வந்ததும் கரைக்குப் போகிற பாதை அடைபட்டது. நடந்து போன இடத்துக்குச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

சட்டம் காப்பாற்றவில்லையா? 1991 பிப்ரவரி 19-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டு பல நல்ல போராட்டங்கள் நடந்தன. இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தஞ்சைக் கரையின் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போய் 1996 டிசம்பரில் தீர்ப்பு வாங்கியது இந்தச் சட்டத்தின் பலத்தில்தான். ஆனால் இந்த அறிவிக்கை பாதுகாப்பது 'கடற்கரை' என்ற சூழலை. அதில் வேலை செய்கிறவர்களின் உடைமையை அது எழுதித் தரவில்லை. 2011-இன் திருத்தம் மீனவக் குடியிருப்புகளின் நீண்டகால வீட்டுத் தேவையை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அது ஒரு முன்னேற்றம். 2019-இன் அறிவிக்கையோ மக்கள் நெருக்கமான கிராமக் கரைகளில் 200 மீட்டரை 50 மீட்டராகச் சுருக்கியது. இந்த 150 மீட்டர் யாருக்காகத் திறந்துவிடப்பட்டது என்று கேட்க வேண்டும். கடனில் படகு ஓட்டுகிறவர் அங்கே மாடி கட்டப்போவதில்லை.

காட்டுக்கு 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. ஒரு சமூகம் கூட்டாகப் பயன்படுத்தும் காட்டை அந்தச் சமூகத்தின் உரிமையாகப் பதிய வழி செய்தது. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம், ஆனால் கோட்பாட்டளவில் அது ஒரு உடைப்பு. கடலோரத்துக்கு அதற்கு இணையான சட்டம் இன்றுவரை இல்லை. காட்டில் இருப்பவர் 'வனவாசி' ஆனார். கரையில் இருப்பவர் இன்னும் 'பயனாளி'தான்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இது வெட்டவெளிச்சமானது. 2005 மார்ச் 30-ல் தமிழ்நாடு அரசு அரசாணை 172 வெளியிட்டது. சுனாமியில் வீடு இழந்து, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் இலவச வீடு. போகமாட்டேன் என்றால் அங்கேயே சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம். அரசு உதவி கிடையாது. புது வீடு வாங்குகிறவர் பழைய வீட்டையும் மனையையும் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். யாரையும் பலாத்காரமாக வெளியேற்றவில்லை என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். பசியோடு இருப்பவனுக்குச் சோற்றைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்கு என்ன பெயர் வைப்பது? சென்னைக் குப்பங்களிலிருந்து செம்மஞ்சேரிக்குப் போனவர்கள் கடலிலிருந்து வெகுதூரம் போனார்கள். விடியக்காலம் காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வாசலில் நின்று பார்க்க முடியாத மீனவர், மீனவராக எத்தனை நாள் இருப்பார்?

அதே சுனாமி இந்தோனேசியாவின் ஆச்சேயைத்தான் முதலில் அடித்தது. அங்கேயும் அரசு கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு வீடு கூடாது என்ற யோசனையை வைத்தது. ஜனங்கள் அதைக் கேட்கவில்லை, தங்கள் அடிமனைக்கே திரும்பிப் போனார்கள், யோசனை கைவிடப்பட்டது. இலங்கையில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கோடு போட்டார்கள். ஓட்டல்களுக்கு விலக்கு இருந்தது. ஆபத்து மீனவர் குடிசைக்கு மட்டும், விடுதிக்கு இல்லை என்று அலை கணக்குப் போட்டா வந்தது? மூன்று நாடுகளிலும் 'பாதுகாப்பு' என்ற சொல்லாடல் ஒன்றுதான்; எதிர்ப்பின் பலத்தைப் பொறுத்து முடிவு மாறியது.

5

தனியுடைமை, இல்லாவிட்டால் அரசுடைமை என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு கரையைப் புரிந்துகொள்ள முடியாது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்து மாற்றி மாற்றிப் பங்கிடுகிறார்கள். இடம் யாருக்கும் நிரந்தரச் சொந்தமில்லை; முறை எல்லோருக்கும் சொந்தம். 'பாடு' என்ற சொல்லே உழைப்பையும் படும் கஷ்டத்தையும் ஒன்றாகச் சுமக்கிறது. 'அவரவர் பாடு' என்கிறோமே, அதேதான். ஆச்சேயில் 'பங்லிமா லாவோட்' என்ற கடல் தலைவர் முறை உண்டு. எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் அந்த மரபில் முடிவாகிறது. சோழமண்டலக் கரையில் பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் செய்துவந்த வேலையோடு இதை வைத்துப் பார்க்கலாம்.

இந்தோனேசிய உதாரணம் இன்னொரு காரணத்துக்காகவும் நமக்குத் தேவை. அங்கே 2007-இன் ஒரு சட்டம் கடலோர நீர்ப்பரப்பைக் கம்பெனிகளுக்கு ஆண்டுக் கணக்கில் உரிமம் கொடுத்து விட வழி செய்தது. மீனவர் அமைப்புகளும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2011 ஜூனில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. கடலை மனை போட்டு விற்கக் கூடாது என்று சட்டத்தின் மொழியிலேயே சொல்லவைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. 'அதெல்லாம் பழங்காலத்து வழக்கம், நவீன சட்டத்துல எப்படிங்க எழுதறது' என்று இங்கே கையை விரிக்கிற நிபுணர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பொதுமையைக் கும்பிட ஆரம்பித்தால் ஆபத்து. 'பாடு' எல்லோருக்கும் சொந்தம் என்றேன். யார் அந்த எல்லோரும்? பழவேற்காட்டில் பாட்டுக்கு உரிமை குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சாதி ஆண்களுடையது. அதே நீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளருக்கு அதில் பங்கு இல்லை. பட்டினவர் ஊர்ப் பஞ்சாயத்தில் பெண் உட்கார முடியாது. மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவள் அவள். சுனாமி நிவாரணத்தின்போது கடலோரத் தலித்துகளும் இருளரும் ஒதுக்கப்பட்டதை அன்றைக்கே பல உண்மையறியும் குழுக்கள் எழுதின. கரையை மனையாக்குகிற மூலதனத்துக்கு எதிராகப் பொதுமையைப் பேசுகிறவர்கள், பொதுமைக்குள் இருக்கிற சாதிச் சுவரையும் ஆண் சுவரையும் பற்றி வாயைத் திறக்காவிட்டால், பேசுவது இன்னொரு வகைக் காட்சி மட்டுமே. ஆனால் உள்ளே சாதி இருக்கிறது என்று சொல்லி, அதைக் காட்டியே முழுப் பொதுமையையும் மனைத்தரகரிடம் ஒப்படைக்கிற வாதத்தையும் ஏற்க முடியாது. தரகர் வந்தால் முதலில் போவது இருளர்தான்.

6

2023 ஏப்ரலில் மெரினா லூப் ரோட்டில் நடந்தது இந்த எல்லா இழைகளையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை குப்பங்களுக்கு நடுவே போகிற சாலை. சாலையோர மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தினார்கள், மீனைக் கொட்டினார்கள். இங்கே இடைஞ்சல் எது என்ற கேள்வியிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. மீன் விற்கும் இடத்தின் நடுவே ரோடு வந்ததா, ரோட்டின் நடுவே மீன் கடை வந்ததா? காரில் போகிறவரின் கண்ணுக்கு இரண்டாவதுதான் தெரியும். 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் சந்தை திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் வடிகாலும் வந்தது நல்லதுதான். ஆனால் கரையோரம் முழுக்கப் பரவியிருந்த ஒரு வேலை, எண்ணிட்ட கடைகளுக்குள் அடங்கிய 'ஒதுக்கீடு' ஆகியது. உரிமையாக இருந்தது சலுகையாக மாறுகிறபோது அதில் ஒரு கையெழுத்து சேர்கிறது. கொடுத்தவர் திரும்ப எடுக்கலாம் என்கிற கையெழுத்து.

நண்பர்கள் கேட்கலாம்: சரி, இதுல விமர்சகனுக்கு என்ன வேலை? மீனவர் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், நீ படத்தைப் பற்றியும் நாவலைப் பற்றியும் எழுது. அதைத்தான் செய்யச் சொல்கிறேன், ஆனால் வேறு மாதிரி. நெய்தல் என்றால் இரங்கல் என்று ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தது நம் இலக்கியக் கல்வி. கரையில் நின்று கடலைப் பார்த்துத் துக்கப்படுகிற ஒரு மனநிலையே கடலோர இலக்கியத்தின் உரிப்பொருளாகிவிட்டது. நுளையர், பரதவர் எல்லாம் கருப்பொருள், அதாவது பின்புலம். பாரதிராஜாவின் முட்டத்துக்கு இலக்கண அங்கீகாரம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் விளையாட்டாகவும் கொஞ்சம் வினையாகவும் சொல்லலாம்.

இதை உடைத்த எழுத்துகள் உண்டு. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) இரங்கலை முழுக்கக் கைவிடவில்லை; ஆனாலும் வள்ளமும் விசைப்படகும் மோதுகிற தொழில் நெருக்கடியைக் குடும்பக் கதைக்கு உள்ளே கொண்டுவந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) கரையில் நிலமும் அதிகாரமும் யார் கையில் என்பதைப் பெயர் சொல்லிக் காட்டியது. ஜோ டி குரூஸின் 'ஆழிசூழ் உலகு' (2004) இன்னும் ஒரு படி போய்க் காமிராவைத் திருப்பி வைத்தது: அங்கே கடலிலிருந்து கரை பார்க்கப்படுகிறது. காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று பெயர் தெரிந்த ஒருவரின் கண்ணில் கரை என்பது திரும்பி வந்து சேர வேண்டிய இடம். சினிமாவில் வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018) குப்பத்து நிலத்தை யார் எடுக்கிறார்கள் என்பதையே கதையின் முடிச்சாக்கியது. அங்கேயும் அந்த முடிச்சைக் கத்தியால்தான் அவிழ்க்கிறார்கள், 'குப்பம் என்றால் ரவுடி' என்ற பழைய கோடம்பாக்கச் சமன்பாட்டிலிருந்து படம் முழுசாக வெளியேறவில்லை என்பது என் குறை. ஆனால் கேள்வி சட்டகத்துக்குள் வந்துவிட்டது.

ஆகவே கடலோரத்தைப் பற்றி ஒரு பிரதி வந்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'மீனவரை நல்லவராகக் காட்டியிருக்கிறதா' என்பதல்ல. படகோட்டியே அதைச் செய்துவிட்டது. அந்தப் பிரதியில் மணல் யாருடையது? வலை எங்கே காய்கிறது? கரைக்குப் போகிற பாதை யார் வேலியைத் தாண்டிப் போகிறது? மீன் விற்கிற பெண்ணுக்கு உட்கார இடம் யார் கொடுத்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத அழகை நாம் அழகென்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

சென்னையின் சில குப்பங்களில் மீனவ இளைஞர்களே தங்கள் கரையை வரைபடமாக வரைந்திருக்கிறார்கள்: படகு நிற்கிற இடம், வலை காய்கிற இடம், பெரியவலை இழுக்கிற இடம். அரசின் கடற்கரை மேலாண்மை வரைபடங்களில் வெற்று மணலாக விடப்பட்டவை இவை. நீதிமன்றத்திலும் பொது விசாரணைகளிலும் அந்தத் தாள்கள்தான் இன்றைக்குச் சண்டை போடுகின்றன. தமிழில் கடலோரம் பற்றி இப்போது எழுதப்படும் மிக முக்கியமான பிரதி அதுவே என்பேன். கதையோ கவிதையோ சினிமாவோ, அந்தத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகுவோம். எழுதுகிறவர்களும் எழுதுவதற்கு முன் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.